கயிறா, பெல்ட்டா, சங்கிலியா? திறந்த வண்டியில் சுமை கட்டும் முன் ஒரு கணக்கு

தை பிறந்ததும் டெல்டா சாலைகளில் கூரையில்லாத வண்டிகளின் நடமாட்டம் கூடிவிடும். கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப் போகும் டிராக்டர், வெளி மாவட்டத்திலிருந்து அறுவடை இயந்திரத்தைச் சுமந்து வரும் லாரி, வைக்கோல் கட்டுகளை வானளாவ அடுக்கிக்கொண்டு மேற்கே போகும் லாரி, ஆழ்துளைக் கிணற்றுக்குக் குழாய் கொண்டுபோகும் மினி லாரி. இவற்றில் சுமையைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஒரே பொருள்தான்: பிளாஸ்டிக் கயிறு. மூட்டைக்கும் அதே கயிறு, நான்கு டன் இயந்திரத்துக்கும் அதே கயிறு. இதுதான் என்னை உறுத்துகிறது.

ராட்செட் பெல்ட், அதாவது பற்சக்கரக் கைப்பிடியை ஆட்டி இறுக்கும் நெய்த பட்டை, இப்போது வண்டி உதிரிபாகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. வலுவுக்குத் தர எண் பொறித்த சங்கிலியும் அதை இறுக்கும் பைண்டரும் திருச்சி போன்ற ஊர்களின் பெரிய இரும்புக் கடைகளில் கேட்டால் வரவழைத்துத் தருகிறார்கள். ஆகவே டிராக்டர் வைத்திருப்பவருக்கும், இயந்திரம் வாடகைக்கு விடுபவருக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துபவருக்கும் ஒரு நல்ல கேள்வி எழுந்திருக்கிறது. எதை வாங்குவது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல் மூட்டைக்குக் கயிறு போதும், நன்றாகவே போதும். சக்கரத்திலோ, சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் ரப்பர் பட்டையான டிராக்கிலோ நகரக்கூடிய கனரக இயந்திரத்துக்குச் சங்கிலியைத் தவிர வேறு எதையும் நான் ஏற்கமாட்டேன். இடைப்பட்ட சுமைகளில் முக்கால்வாசிக்கு ராட்செட் பெல்ட்தான் சரி. ஆனால் இந்த மூன்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் எதை வாங்கினாலும் பாதிப் பயன்தான். அது முட்டு. சுமைக்கு முன்னால் ஒரு தடுப்பு.

முட்டு முதலில், கட்டு பிறகு

பிரேக் அடித்தால் வண்டி நிற்கும், சுமை நிற்காது. அது வந்த வேகத்தில் முன்னால் போகவே பார்க்கும். ஐரோப்பிய, அமெரிக்க விதிகள் இரண்டும் இதற்கு ஏறக்குறைய ஒரே அளவைத்தான் வைத்திருக்கின்றன: சுமையின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்பக்கமாகவும், பாதி எடை அளவு விசை பக்கவாட்டிலும் பின்புறமாகவும் வந்தாலும் கட்டு தாங்க வேண்டும். ஒரு டன் சுமை என்றால் முன்பக்கம் 800 கிலோ, பக்கவாட்டில் 500 கிலோ இழுவை வரும் என்று எண்ணிக் கட்ட வேண்டும்.

நம் ஊர்ச் சாலைகளில் இந்தப் பக்கவாட்டுக் கணக்கு மிக முக்கியம். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் பாதிச் சாலைகள் ஆற்றங்கரை மேலேயே போகின்றன. வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என எந்த ஆற்றை எடுத்துக்கொண்டாலும் கதை ஒன்றுதான்: கரையோடு நேராக வந்த சாலை, பாலத்தின் தலைமாட்டில் ஏறக்குறையச் செங்கோணத்தில் திரும்பும். திரும்பும் இடத்திலேயே ஏற்றமும் இருக்கும். எதிரே பஸ் வந்தால் ஒரு சக்கரம் மண்ணில் இறங்கும். மழைக்காலத்தில் அந்த மண் சரிந்தும் கொடுக்கும். வேகம் குறைவாக இருந்தாலும் சுமை ஒரு பக்கமாகச் சாய இவ்வளவு போதும். அதனால் "பக்கத்து ஊர்தானே அண்ணே, மெதுவாகப் போய்விடலாம்" என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. பக்கத்து ஊருக்குப் போகும் வழியில்தான் இந்தத் திருப்பங்கள் எல்லாம் இருக்கின்றன.

சுமையை ஓரளவு பிடித்து வைப்பது வண்டித் தட்டின் பலகைக்கும் அதற்கும் இடையிலான உராய்வு. மரப் பலகையில் இரும்பு என்றால், ஈரமில்லாமல் சுத்தமாக இருக்கும்போது எடையில் சுமார் பத்தில் மூன்று பங்கு அளவுக்கு உராய்வு பிடித்துக்கொள்ளும். வயல் சேறு, பனி ஈரம், சிந்திக் கிடக்கும் நெல், டீசல் இவற்றில் எது இருந்தாலும் அது இன்னும் இறங்கிவிடும். உதிர்ந்த நெல் மணிகள் தட்டில் இருக்கும்போது மேலே ஏற்றினால் சுமை உருளைகள்மேல் நிற்பதற்குச் சமம். ஆகவே எதைக் கட்டுவதற்கும் முன்னால் வண்டித் தட்டைப் பெருக்குங்கள். காசு செலவில்லாத பாதுகாப்பு இதைவிட வேறில்லை.

இப்போது முட்டின் மதிப்பைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு டன் எடையுள்ள ஒரு பெட்டியை ஏற்றி, மேலே குறுக்காகப் பெல்ட் போட்டு இறுக்குகிறோம். சாதாரண ராட்செட்டைக் கையால் இறுக்கினால் பெல்ட்டில் சுமார் 300 கிலோ இழுவை ஏறும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் கீழே அழுத்துவதால் 600 கிலோ. உராய்வு பத்தில் மூன்று என்பதால் ஒரு பெல்ட் தடுத்து நிறுத்துவது 180 கிலோதான். முன்பக்கம் வரும் 800 கிலோவில் சுமையின் சொந்த உராய்வு 300 கிலோவைப் பிடித்துக்கொள்ளும். மீதி 500 கிலோவை இந்தப் பெல்ட்டுகள் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்குப்படி மூன்று பெல்ட். பாதுகாப்புக்கு ஒன்று கூட்டினால் நான்கு. தட்டில் சேறு இருந்து உராய்வு பத்தில் இரண்டாக இறங்கினால் ஐந்து பெல்ட்டே மயிரிழையில்தான் தாங்கும், ஏழு போட்டால்தான் நிம்மதி. அதே பெட்டியை முன்பக்கச் சுவரில் ஒட்டி முட்டவைத்துவிட்டால்? முன்பக்கக் கவலையைச் சுவர் ஏற்றுக்கொள்ளும். பக்கவாட்டுக்கு இரண்டு பெல்ட் போதும்.

அந்த முன்சுவர் சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டு வலுவாக இருக்க வேண்டும் என்பதும் இதில் அடக்கம். தகரம் மட்டும் அடித்த சுவர் கண்ணுக்குத்தான் சுவர். எடை பரவ வேண்டும் என்பதற்காகச் சுமையை நடுவில் வைக்க நேர்ந்தால், முன்சுவருக்கும் சுமைக்கும் இடையில் கட்டை கொடுத்து இடைவெளியை நிரப்பலாம். அல்லது தட்டில் குறுக்குக் கட்டை வைத்து போல்ட் போடலாம். சவுக்குக் கழி போதும் என்பார்கள். உருண்டைக் கழி உருளும். சதுரமாக அறுத்த கட்டைதான் வேண்டும்.

கயிறு: எங்கே சரி, எங்கே போதாது

கயிற்றைக் கட்டத் தெரிந்தவர்கள் டெல்டாவில் இருப்பதைப் போல் வேறெங்கும் இருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். கொள்முதல் நிலையத்தில் சுமைதூக்கும் தொழிலாளர்கள் மூட்டைகளை அடுக்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்கில், மேலே போகப் போக ஓரங்கள் உள்வாங்கும். 40 கிலோ சிப்பங்கள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து, சாக்கும் சாக்கும் பிடித்துக்கொண்டு, அடுக்கே தன்னைத் தாங்கிக்கொள்ளும். நூறு சிப்பம் ஏற்றினால் நான்கு டன். ஆனால் அது நான்கு டன் எடையுள்ள ஒரே பொருள் அல்ல. கடினமான விளிம்பும் இல்லை, உருளும் சக்கரமும் இல்லை. சணல் சாக்கின் சொரசொரப்பு நல்ல உராய்வைத் தருகிறது. நான்கு பக்கமும் பலகை உயர்ந்த டிரெய்லர் என்றால் பாதி வேலையைப் பலகையே செய்துவிடும். மேலே தார்ப்பாய் போட்டு, அதற்குமேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, கண்ணியில் சுருக்குப் போட்டு இறுக்குவது இந்தச் சுமைக்கு முற்றிலும் பொருத்தமான வழி. இங்கே பெல்ட் வாங்கச் சொல்பவர் வீண் செலவு வைக்கிறார்.

வாழைத்தாருக்கும் கயிறுதான். திருவையாறு பக்கம் தார்களைச் சருகு வைத்து அடுக்கிக் கயிற்றால் பிடிப்பார்கள். பெல்ட்டை ராட்செட் போட்டு இறுக்கினால் மேல்தார்கள் நசுங்கிப்போகும்.

கயிற்றின் குறை அதன் பலத்தில் இல்லை, அதன் இழுவையில் இருக்கிறது. தடித்த பாலிப்ரொப்பிலீன் கயிறு புதிதாக இருக்கும்போது நல்ல எடை தாங்கும். ஆனால் கையால் இழுத்து முடிச்சுப் போடும்போது அதில் நிற்கும் இறுக்கம், ராட்செட் தரும் இறுக்கத்துக்குப் பக்கத்தில்கூட வராது. நான்கு கிலோமீட்டர் குலுக்கலில் மூட்டைகள் கொஞ்சம் அமர்ந்ததும் அதுவும் தளர்ந்துவிடும். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் பாதி வரை குறையலாம். வெயில் இன்னொரு எதிரி. வண்டியிலேயே கிடந்து காய்ந்த கயிற்றைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள். இழைகள் வெளுத்து, தூளாக உதிர்ந்தால் அது சுமை கட்டும் கயிறு அல்ல, தார்ப்பாய் ஓரம் கட்டுவதற்குத்தான் ஆகும். தேங்காய் நார்க் கயிற்றுக்கு வெயில் பெரிதில்லை. நெடுநாள் ஈரத்தில் கிடந்தால் உள்ளே உளுத்துவிடலாம், வெளியே தெரியாது.

ஆகவே கயிறு என்பது பல சிறு பொருள்களை ஒன்றாகப் பிடித்துவைக்கும் கருவி. ஒரே பெரிய பொருளை நகரவிடாமல் நிறுத்தும் கருவி அல்ல.

ராட்செட் பெல்ட்

பவர் டில்லர், நாற்று நடும் இயந்திரம், டீசல் என்ஜின், மோட்டார், தண்ணீர்த் தொட்டி, கதவு நிலை, நாகப்பட்டினத்துப் பட்டறையிலிருந்து கிராமத்துக் கடற்கரைக்குப் போகும் ஃபைபர் படகு. சில நூறு கிலோவிலிருந்து இரண்டு டன் வரையான இந்தச் சுமைகளுக்குப் பெல்ட்டைப் போல வேறொன்று இல்லை. இலகுவானது, இழுவை தருவது, பொருளின் வர்ணத்தைக் கெடுக்காதது, ஓட்டுநர் ஒருவரே போடக்கூடியது.

வாங்கும்போது அகலத்தைப் பார்ப்பதைவிட, தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். நல்ல பெல்ட்டில் அது எத்தனை கிலோ தாங்கும் என்பதும், எந்த இழையில் நெய்தது என்பதும் எழுதியிருக்கும். பாலியஸ்டர் என்றால் சீட்டு நீல நிறத்தில் இருக்கும். சுமைக்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் அதிகம் நீளாது. 50 மில்லிமீட்டர் அகலப் பெல்ட்டில் வழக்கமாக 2,500 கிலோ என்றும் 5,000 கிலோ என்றும் இரண்டு எண்கள் இருக்கும். நேராக இழுக்கும்போது நம்பிப் போடக்கூடியது 2,500. அறுந்துபோகும் அளவு 5,000. கடைக்காரர் "ஐந்து டன் பெல்ட்" என்று சொல்வது இந்த இரண்டாவது எண்ணை. அதை நம்பி ஐந்து டன் சுமையைக் கட்டக்கூடாது. சீட்டே இல்லாத பெல்ட்டை விலை குறைவு என்று வாங்காதீர்கள். சீட்டு பிய்ந்துபோன பழைய பெல்ட்டையும் கழித்துவிடுங்கள்.

பெல்ட்டுக்கு ஒரே எமன், விளிம்பு. கல் தூண், கான்கிரீட் உறை, இரும்புச் சட்டம் ஆகியவற்றின் கூரான ஓரத்தில் பெல்ட் மடிந்து இழுபடும்போது ஒவ்வொரு குலுக்கலிலும் ரம்பம் போல அறுபடும். ஓரத்துக்கு ஒரு காப்பு வேண்டும். பழைய டயர் துண்டு, தடித்த ரப்பர், நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாய் எதுவானாலும் சரி. சாக்குத் துணி போதாது. அதுவும் சேர்ந்து அறுந்துபோகும்.

கோணம் இன்னொரு விஷயம். மேலே குறுக்காகப் போடும் பெல்ட், சுமையின் பக்கத்தில் செங்குத்தாக இறங்கினால் அதன் இழுவை முழுவதும் அழுத்தமாக மாறும். தட்டிலிருந்து 60 பாகையில் சாய்ந்தால் நூற்றில் 87 பங்கு. 30 பாகை என்றால் சரிபாதிதான். உயரம் குறைந்த பொருளை அகலமான தட்டின் நடுவில் வைத்து இரண்டு ஓரத்துக்கும் பெல்ட் இழுத்தால் இந்தச் சரிபாதிக் கணக்குதான் வரும். பார்வைக்கு விறைப்பாக இருக்கும், பிடிப்பு இருக்காது. அப்படிப்பட்ட பொருளுக்கு மேலே போடுவதை விட்டுவிட்டு, பொருளின் சட்டத்திலேயே கொக்கி மாட்டி நான்கு மூலைக்கும் தனித்தனியாக இழுப்பதே சரி.

இரண்டு மூன்று பெல்ட் போடும்போது ராட்செட்டை ஒன்று விட்டு ஒன்று எதிர்ப் பக்கமாக வையுங்கள். ராட்செட் இருக்கும் பக்கம்தான் இழுவை அதிகம். விளிம்புகளைத் தாண்டி மறுபக்கம் போகும்போது குறைந்துவிடுகிறது. பெல்ட்டில் முடிச்சுப் போடுவது, அறுந்ததைச் சேர்த்துத் தைப்பது, நெம்புகோலாகக் குழாயை மாட்டி ராட்செட்டை முறுக்குவது மூன்றும் கூடாது.

சங்கிலி: அறுவடை இயந்திரத்துக்கு வேறு பேச்சில்லை

வயலிலிருந்து கரையேறி நிற்கும் அறுவடை இயந்திரத்தை லாரியில் ஏற்றும் காட்சியை டெல்டாவில் பார்க்காதவர் இல்லை. சாய்தளத்தில் ரப்பர் டிராக் மெல்ல ஏறுகிறது. பற்களுக்கு இடையில் பிசைந்துகொண்டு வந்த களிமண் தட்டின்மேல் கட்டி கட்டியாக விழுகிறது. ஓட்டுநர் இறங்கி வந்து டிராக்குக்கு முன்னால் ஒரு செங்கல்லை வைக்கிறார். பிறகு முன்பக்க வெட்டும் பகுதியில் ஒரு கயிறு, பின்பக்கக் கொக்கியில் ஒரு கயிறு. வண்டி கிளம்பிவிடுகிறது.

இதில் ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும். ஏற்றும் முன் டிராக்கில் ஒட்டியிருக்கும் களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். வாய்க்கால் தண்ணீரை நான்கு வாளி ஊற்றினாலும் சரி. ஆனால் ஈரம் உலரத் தட்டைத் துடைக்க வேண்டும். வெட்டும் பகுதியை முழுவதும் இறக்கி, பலகைமேலோ பழைய டயர்மேலோ உட்காரவைக்க வேண்டும். ஹைட்ராலிக்கில் தொங்கவிட்டால் வழியில் எண்ணெய் அழுத்தம் இறங்கும்போது அதுவும் இறங்கும், கட்டு தளரும். கியரில் விட்டு, பார்க்கிங் பிரேக் போட்டு, என்ஜினை நிறுத்த வேண்டும். செங்கல் நொறுங்கும். டிராக்கின் முன்னும் பின்னும் சதுரக் கட்டைகளைத் தட்டோடு ஆணியடித்து முட்டுக் கொடுக்க வேண்டும்.

அதன்பிறகு சங்கிலி. நான்கு மூலைக்கும் நான்கு சங்கிலி, ஒவ்வொன்றுக்கும் தனி பைண்டர். முன்னிரண்டும் முன்பக்கமாக, பின்னிரண்டும் பின்பக்கமாக, சற்றே வெளிப்புறம் விரிந்தபடி இழுக்க வேண்டும். பிரேக் அடிக்கும்போது இயந்திரத்தைப் பிடித்து நிறுத்துவது பின்னாலிருந்து இழுக்கும் சங்கிலிகள்தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. முன்னால் நல்ல சங்கிலியும் பின்னால் பெயருக்கு ஒரு கயிறும் கட்டுவது இதனால்தான் ஆபத்து.

எவ்வளவு தடிமன்? இயந்திரம் நான்கு டன் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் வரும் விசை 3.2 டன். 8 மில்லிமீட்டர், கிரேடு 80 (வலுவைக் குறிக்கும் தர எண்) சங்கிலி ஒன்று நேராக இழுக்கும்போது நான்கு டன் விசைக்கு ஏற்றது. கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் சாய்வாகக் கட்டுவதால் அதில் பாதிதான் முன்பின் திசையில் உதவும் என்று கணக்கிட்டாலும், பின்னாலுள்ள இரண்டும் சேர்ந்து நான்கு டன்னைப் பிடிக்கின்றன. போதும். இதைவிடப் பெரிய இயந்திரம் என்றால் 10 மில்லிமீட்டர், அது 6.3 டன் வரை. அமெரிக்க விதியில் 4,536 கிலோவுக்கு மேற்பட்ட, சொந்தச் சக்கரமோ டிராக்கோ உள்ள இயந்திரத்துக்கு நான்கு கட்டுகள் கட்டாயம். அந்த எடைக்குக் கீழே இருந்தாலும் நம் சாலைகளுக்கு நான்குதான் வேண்டும் என்பேன்.

கேட்டுக்குப் போடும் சங்கிலி, மாடு கட்டும் சங்கிலி, கிணற்றுச் சங்கிலி எல்லாம் இந்த வேலைக்கு ஆகாது. கிரேடு 80 சங்கிலியில் சில கண்ணிகளுக்கு ஒருமுறை 8 அல்லது 80 என்ற முத்திரை பதிந்திருக்கும். முத்திரை இல்லையென்றால், தடிமனைக் காட்டிக் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்க வேண்டாம். பைண்டரில் இரண்டு வகை உண்டு. நெம்புகோலை ஒரே மூச்சில் மடக்குவது விலை குறைவு; ஆனால் விடுவிக்கும்போது திருப்பி அடித்து மணிக்கட்டையோ தாடையையோ உடைத்துவிடும். ராட்செட் வகை கொஞ்சம் விலை கூடினாலும் மெல்ல இறுக்கி மெல்லத் தளர்த்தலாம். களத்தில் பகல் முழுவதும் உழைத்துக் களைத்த கைகள்தான் இரவில் பைண்டரை விடுவிக்கின்றன. ராட்செட் வகையையே வாங்குங்கள்.

சங்கிலியை எங்கே மாட்டுகிறோம் என்பதும் சங்கிலியளவு முக்கியம். தார்ப்பாய் கட்டுவதற்காகப் பலகை ஓரத்தில் வைத்த சிறு கொக்கிகளில் மாட்டினால், சங்கிலி அறாது. கொக்கி பிய்ந்து வரும். தட்டின் சட்டத்தில் கனமான வளையங்களைப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தின் பக்கத்தில், தயாரிப்பாளர் கட்டுவதற்கென்று விட்டிருக்கும் இடங்களை மட்டும் பயன்படுத்த வேண்டும். ஹைட்ராலிக் குழாய், ஏணி, கைப்பிடி இவற்றைச் சுற்றிச் சங்கிலி போடுவது இயந்திரத்தையும் கெடுக்கும்.

வேதாரண்யம், நாகை, தரங்கம்பாடி எனக் கடலோரத்தில் வண்டி ஓட்டுபவர்கள் சங்கிலியை உப்புக் காற்றிலும் உப்பு மூட்டைகளின் பக்கத்திலும் போட்டுவைக்கக்கூடாது. கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிவையுங்கள். துருவில் கண்ணி மெலிவது கண்ணுக்குத் தெரிய நாளாகும்.

கம்பிவடத்தைப் பற்றியும் கேட்பார்கள். டர்ன்பக்கிள் என்ற திருகு இறுக்கியைப் போட்டு இறுக்கலாம், வலுவும் உண்டு. ஆனால் வளைந்த இடத்தில் இழை அறுந்து கையைக் கிழிக்கும், கிளாம்ப் சரியாகப் போடாவிட்டால் நழுவும், ஒருமுறை மடங்கினால் அந்த இடம் போனது. நிரந்தரமாக ஒரே பொருளை ஏற்றும் வண்டிக்கு வேண்டுமானால் சரி. டெல்டாவில் பல சுமை ஏற்றும் வண்டிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வைக்கோலும் குழாயும்

வைக்கோலில் பிரச்சினை கட்டும் பொருளில் இல்லை, அளவில் இருக்கிறது. எடை குறைவு என்பதால் உயரத்திலும் அகலத்திலும் ஆசை போய்விடுகிறது. சாலையின் மேல் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியில் உரசித் தீப்பிடிப்பது ஒவ்வொரு அறுவடைக்கும் கேள்விப்படும் செய்தி. பக்கங்களில் பிதுங்கி நிற்கும் வைக்கோல் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியை மறைக்கிறது. பின்னால் வரும் இருசக்கர வாகனத்துக்கு வண்டியின் விளக்கையே மறைக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவின்படி, சுமை வண்டியின் பக்கத்திலோ முன்னோ பின்னோ நீட்டிக்கொண்டிருந்தாலும், அனுமதித்த உயரத்தை மீறினாலும் அபராதம் 20,000 ரூபாய். அந்தச் சுமையை இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில்தான்.

உருளைக் கட்டுகளாகக் கட்டிய வைக்கோல் என்றால், கடைசி வரிசையை உள்வாங்கி அடுக்கி, பெரிய வலை போட்டு, அதற்குமேல் கயிறு இழுப்பது நல்லது. கயிறு மட்டும் போட்டால் இரண்டு கயிறுகளுக்கு இடையிலுள்ள கட்டு ஒவ்வொன்றாக நழுவி விழும். இரவில் சாலையில் கிடக்கும் ஒரு வைக்கோல் கட்டு போதும், மோட்டார் சைக்கிளில் வருபவரைக் கொல்ல. உதிரி வைக்கோலுக்கும் வலை வேண்டும்.

பி.வி.சி. குழாய், சவுக்குக் கழி, கட்டுமானக் கம்பி இவை முன்னும் பின்னும் வழுக்கும் இனம். பெல்ட்டை மேலே ஒருமுறை போடுவதால் நடுவிலுள்ள குழாய்களைப் பிடிக்க முடியாது. மேலடுக்கு இறுகியிருக்கும்போதே உள்ளேயுள்ளது அம்பு போலப் பாயும். பெல்ட்டோ கயிறோ கட்டு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிக் கழுத்தைப் பிடிப்பது போல இறுக்க வேண்டும், இரண்டு மூன்று இடங்களில். பக்கங்களில் செங்குத்தான இரும்புக் கழிகள் வேண்டும். முன்னால் முட்டு வேண்டும். தட்டின் நீளத்தைவிடக் குழாய் நீளமாக இருந்தால் வேறு வண்டி பாருங்கள். பின்னால் நீட்டிய கம்பியில் சிவப்புத் துணி கட்டிவிடுவது தீர்வு அல்ல. இருட்டில் அந்தத் துணி யாருக்கும் தெரிவதில்லை.

எந்த வண்டி?

கட்டும் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே வண்டியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பலகை உயர்ந்த டிராக்டர் டிரெய்லர், மூட்டைக்கும் மண்ணுக்கும் உற்ற துணை. இயந்திரத்துக்கு அது சரிப்படாது. பெரும்பாலான டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் இல்லை. பாலத்திலிருந்து இறங்கும்போது பின்னாலிருந்து வரும் எடை டிராக்டரையே தள்ளும். இணைக்கும் முள்ளுக்குப் பூட்டுமுள் இருக்கிறதா, துணைச் சங்கிலி மாட்டியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். எடையை அச்சுக்குப் பின்னால் ஏற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஆடும். அதற்காக எல்லாவற்றையும் முன்னால் குவித்தால் டிராக்டரின் கொக்கிமேல் பாரம் ஏறி, டிராக்டரின் முன்சக்கரம் பிடிப்பை இழக்கும். அச்சுக்குச் சற்று முன்னால் எடையின் மையம் இருந்தால் போதும்.

பவர் டில்லர், நடவு இயந்திரம் போன்றவற்றுக்கு மக்கள் குட்டி யானை என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டி போதுமானது. ஆனால் அதன் பக்கப் பலகைக் கொக்கிகளில் பெரிய இழுவை கொடுக்கக்கூடாது. பலகையைத் திறந்து, அடிச்சட்டத்தில் மாட்டவும். அறுவடை இயந்திரத்துக்குத் தாழ்வான தட்டுள்ள டிரெய்லர் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. எடையின் மையம் தாழ்வாக இருக்கும், கரைச் சாலைத் திருப்பத்தில் கவிழும் வாய்ப்பு குறையும், மின்கம்பியும் எட்டாது. சாதாரண லாரிதான் கிடைக்கிறது என்றால், இயந்திரத்தின் உயரத்தைச் சேர்த்து மொத்த உயரம் எவ்வளவு என்று நாடா பிடித்து அளந்து, போகும் வழியிலுள்ள கம்பிகளைப் பகலில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி.

கையில் இருக்கும் காசுக்கு

டிராக்டரும் டிரெய்லரும் மட்டும் வைத்திருந்து நெல்லும் உரமும் ஏற்றுபவர் இரண்டு புதுக் கயிறும், ஒரு நல்ல தார்ப்பாயும், பின்பக்கத்துக்குப் பிரதிபலிப்பு ஸ்டிக்கரும் வாங்கினால் போதும். எப்போதாவது மோட்டாரோ டில்லரோ ஏற்றுவார் என்றால் 50 மில்லிமீட்டர் பெல்ட் நான்கு. மூன்று வாங்கிக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்; நான்கு மூலைக்கு நான்குதான் வேண்டும்.

இயந்திரம் வாடகைக்கு விடுபவர், உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துபவர் சங்கிலியில் சிக்கனம் பார்க்கக்கூடாது. நான்கு சங்கிலியும் நான்கு ராட்செட் பைண்டரும் வாங்கச் செலவு ஆகும்தான். அறுவடை இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே இல்லை. சேர்ந்து வாங்க முடிந்தால், ஒரு ஊரிலுள்ள மூன்று நான்கு இயந்திர உரிமையாளர்கள் ஒரு செட்டைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அறுவடைக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே இரவில்தான் தேவைப்படும். அன்று யாரோ ஒருவர் கயிற்றுக்குத் திரும்புவார். ஒவ்வொரு வண்டிக்கும் தனி செட், வண்டியிலேயே பெட்டியில் பூட்டி வைப்பதுதான் நடைமுறைக்கு வரும். வெளி மாவட்டத்திலிருந்து இயந்திரம் வரவழைக்கும் விவசாயிகளும் வாடகை பேசும்போதே "கட்டுச் சங்கிலி இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். மணிக்கு எவ்வளவு என்று கேட்கிறோம், டீசல் யார் செலவு என்று கேட்கிறோம். இதையும் கேட்டால் சங்கிலி வரும்.

கட்டியபின் ஒருமுறை பார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று இல்லை. கயிறு, பெல்ட், சங்கிலி எதுவானாலும் முதல் சில கிலோமீட்டரில் சுமை அமர்ந்து கட்டு தளரும். ஊர் எல்லை தாண்டி அகலமான இடம் வந்ததும் ஓரங்கட்டி, ஒவ்வொரு கட்டும் இறுகியிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்த்து மறுபடி இறுக்க வேண்டும். அமெரிக்க விதி முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. நம் சாலைகளுக்கு அது மிக அதிகம். நான் பத்துக் கிலோமீட்டருக்குள் என்பேன். அதன்பிறகு நெடுஞ்சாலை ஏறும் முன் ஒருமுறை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்க வேண்டி வந்தால் இறங்கிப் போய் நான்கு மூலையையும் பார்த்துவிட்டு வாருங்கள். கேட் திறப்பதற்குள் பார்த்து முடித்துவிடலாம்.